அட்டைப்படம் போதாது, இடத்தைச் சொல்லுங்கள்

இசைப் பைத்தியங்கள் நாலு பேர் சேர்ந்தால் முதல் கேள்வி "இப்போ என்ன ஓடுது?" என்பதுதான். எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பதில்கள்தான் பிடிப்பதில்லை. இணையத்தில் ஒரு ஆல்பத்தின் அட்டைப்படம், அதற்கு மேலே "மாஸ்டர்பீஸ்" என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் இரண்டு தீ எமோஜி. சரி, கேட்டாயிற்று. அதில் எந்த இடத்தில் புல்லரித்தது? அதைச் சொல்லத்தான் ஆளில்லை. ஹோட்டலில் சாப்பிட்டு வந்தவர் மெனு கார்டை மட்டும் நீட்டிவிட்டுப் போவது மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. இந்தப் பட்டியல்களில் நாம் உண்மையிலேயே அதிகம் கேட்ட ஆல்பங்கள் வருவதே இல்லை. 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. இசைத்தட்டை எத்தனை தலைமுறை கேட்டிருக்கும்! சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் ஒலிக்காத தெரு உண்டா? நாகூர் ஹனிபாவின் குரல் டீக்கடை ஸ்பீக்கரில் கேட்டால், எந்த மதத்துக்காரராக இருந்தாலும் ஒரு வரி கூடவே முணுமுணுத்துவிட்டுத்தான் நகர்வார். ஆனால் "இந்த வாரம் கேட்டவை" என்று எழுத உட்கார்ந்தால் இவை எல்லாம் காணாமல் போய்விடும். ஐஸ்லாந்தோ நார்வேயோ, அங்கிருந்து ஒரு ஆம்பியன்ட் (பின்னணியில் மிதக்கும் மென்னிசை) ஆல்பம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"அது காதில் விழுவது, இது கேட்பது" என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுப்ரபாதம் முடிந்து "கமலாகுச" தொடங்கும்போது நடை சட்டென்று மாறும். அதுவரை நிதானமாக எழுப்பிக்கொண்டிருந்த குரல் அங்கே துள்ள ஆரம்பிக்கும். பல் தேய்த்துக்கொண்டே கேட்டவருக்கும் அந்த இடம் தெரியும். ஒரு ஆல்பத்தில் திருப்பம் எங்கே வருகிறது என்று தெரிந்து வைத்திருப்பவர் அதைக் கேட்டவர்தான். வேறு என்ன சான்றிதழ் வேண்டும்?

என் பக்கம் இப்போது ஓடுவது "கால் ஆஃப் தி வேலி". 1967இல் வந்தது. சந்தூரில் சிவகுமார் சர்மா, புல்லாங்குழலில் ஹரிபிரசாத் சௌராசியா, கிடாரில் பிரிஜ் பூஷண் கப்ரா. மூவருக்கும் அப்போது முப்பதை ஒட்டிய வயது. காஷ்மீரத்து இடையன் ஒருவனின் ஒரு நாள் பொழுதுதான் ஆல்பத்தின் கதை. பாட்டு இல்லை, வசனம் இல்லை. ராகங்களே பொழுதைச் சொல்லும். விடியலுக்கு ஆஹிர் பைரவ், அதாவது நம் சக்கரவாகத்தின் உறவுக்காரர். பிறகு நட பைரவ், பீலு என்று வெயில் ஏறும். சாயங்காலத்துக்கு பூப், நம் மோகனம். அப்புறம் தேஷ், பஹாடி. கர்நாடகக் கச்சேரியில் மோகனத்தைக் காலையில் பாடினாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்துஸ்தானியில் ராகத்துக்கு நேரம் பார்ப்பார்கள். அந்தக் கட்டுப்பாட்டையே இவர்கள் கதையாக்கிவிட்டார்கள்.

இதில் நான் திரும்பத் திரும்பக் கவனிப்பது சந்தூரை. குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி அது. தந்தியைத் தட்டியதும் சத்தம் தேய ஆரம்பித்துவிடும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வழியே கிடையாது. நம் ராகங்களுக்கோ அந்த வழுக்கல்தான் உயிர். அதனாலேயே இது சாஸ்திரிய இசைக்கு ஆகாது என்று சொன்னவர்கள் உண்டு. சர்மா என்ன செய்தார் தெரியுமா? குச்சியைத் தந்தி மேல் நடுங்கவிட்டு, தட்டுகளை இடைவெளி தெரியாமல் நெருக்கி, நீண்ட ஸ்வரத்தின் மயக்கத்தை உண்டாக்கினார். அப்படியும் மிஞ்சும் குறையைப் பக்கத்தில் இருக்கும் இருவர் நிரப்புகிறார்கள். கப்ராவின் ஸ்லைடு கிடாரும் சௌராசியாவின் குழலும் வேண்டிய மட்டும் வழுக்கும். இந்த மூவரைச் சேர்த்தது அழகுக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருத்தருக்கு முடியாததை மற்றவர் வாசிக்கிறார். ஹெட்போனில் கேட்டால் இது நன்றாகவே பிடிபடும்.

இதைப் போய் ஷஃபிளில், அதாவது வரிசையைக் கலைத்துப் போட்டால்? விடியலுக்கு முன்னாலேயே பொழுது சாய்ந்துவிடும். 2021 நவம்பர் வரை ஸ்பாட்டிஃபை செயலியில் ஆல்பத்தின் பெரிய பட்டனை அமுக்கினால் கலைத்துப் போடுவதுதான் வழக்கம். ஆங்கிலப் பாடகி அடேல் தன் புது ஆல்பம் வந்த நேரத்தில் கேட்டுக்கொண்ட பிறகுதான் அதை மாற்றினார்கள். பாடகி ஒருவர் தன் பாட்டுகளை வரிசையாகக் கேளுங்கள் என்று கேட்டுப் பெற வேண்டியிருந்தது! நம்ம ஊர் ஆட்கள் கேட்டிருந்தால் நடந்திருக்குமா என்பது வேறு விஷயம்.

வரிசைக்கு இளையராஜாவின் "ஹவ் டு நேம் இட்" ஆல்பத்தை விட நல்ல உதாரணம் நமக்குக் கிடையாது. 1986இல் வந்தது, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாகுக்கும் காணிக்கை. அதில் "ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்" என்று ஒரு டிராக், அடுத்தது "அண்ட் வீ ஹேட் எ டாக்". முதலில் சந்திப்பு, பிறகு பேச்சு. கலைத்துப் போட்டால் மனிதர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள். அந்தச் சந்திப்பு டிராக்கில் ஓடுவது, தனி வயலினுக்காக பாக் எழுதிய மூன்றாம் பார்ட்டிடாவின் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பின்) முன்னிசை. மூச்சு விடாமல் ஓடும் ஒற்றை வயலின் அது. அந்த ஓட்டத்தைச் சுற்றி ராஜா மற்ற தந்திக் கருவிகளை நிறுத்துகிறார். வயலின் கலைஞர் வி.எஸ். நரசிம்மனின் வில் எங்கேயும் அவசரப்படாது. சினிமாப் பாட்டின் இடையிசையில் எத்தனையோ முறை கேட்ட கைதான். இங்கே அதற்குப் பல்லவி வந்து குறுக்கிடவில்லை.

வினைல் இசைத்தட்டு சேர்க்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் "கைண்ட் ஆஃப் புளூ" அட்டைப்படத்தைப் போட்டு, "ஒரிஜினல் பிரஸ்ஸிங், இதுதான் உண்மையான சத்தம்" என்று எழுதுபவர்கள் உண்டு. 1959 மார்ச் 2 அன்று முதல் பக்கத்தைப் பதிவு செய்தபோது டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டியதும் ரெக்கார்டில் அந்தப் பக்கத்து மூன்று டிராக்குகளும் லேசாகச் சுருதி ஏறியே ஒலித்தன. 1992 மறுவெளியீட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள். ஆக, பொக்கிஷமாக வைத்திருக்கும் அந்த முதல் பதிப்பு சுருதி தப்பிய பதிப்பு. வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அட்டையைக் காட்டுவதற்குப் பதில், "ஸோ வாட்" டிராக்கில் மைல்ஸின் சோலோ தொடங்கும் நொடியில் டிரம்மர் ஜிம்மி காப் தட்டும் சிம்பலைச் சொல்லுங்கள். ஒரு தட்டு. அது அடங்காமல் நீண்டுகொண்டே போகும், அதன் மேல்தான் டிரம்பெட் ஏறி வரும். ஜாஸ் பிடிக்காது என்றிருந்த ஒரு நண்பரிடம் இந்த ஒரு நொடியை மட்டும் சொன்னேன். மனிதர் முழு ஆல்பத்தையும் கேட்டுவிட்டுத்தான் போன் செய்தார்.

நமக்கு ஆல்பம் கேட்கும் பழக்கமே இல்லை, சினிமாப் பாட்டுதான் என்று ஒரு புலம்பல் உண்டு. பாதி உண்மை. சினிமாவில் ஆறு சூழலுக்கு ஆறு பாட்டு, அவற்றின் வரிசை கதையோடு சேர்ந்தது, கேசட்டில் அந்த வரிசை எப்படியோ மாறும். ஆனால் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் இன்னொரு படம் என்று கேசட் போட்டார்களே, அதை மறக்கக் கூடாது. ஓடிய படத்துக்காக வாங்கிய கேசட்டில் மறுபக்கம் ஒரு ஓடாத படம் இருக்கும். கேசட்டைத் திருப்பிப் போடுவோம், வேறென்ன செய்ய? பெயர்கூட நினைவில்லாத படங்களின் பாட்டுகள் இன்றும் நமக்கு மனப்பாடமாக இருப்பதில் பெரும் பங்கு அந்த பி பக்கத்துக்குத்தான். இன்றைய செயலிகள் "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று நீட்டுவது நாம் ஏற்கெனவே கேட்டதன் தம்பி தங்கைகளைத்தான். பி பக்கத்துக்கு நம் ரசனையைப் பற்றி எந்த அக்கறையும் இருந்ததில்லை.

அந்த வேலையை இப்போது மனிதர்கள்தான் செய்ய முடியும். அதனால்தான் இவ்வளவு புலம்பல். பத்து அட்டைப்படம் வேண்டாம், ஒன்று போதும். கூடவே எங்கே காதைத் தீட்ட வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். பக்திப் பாட்டு, குத்துப் பாட்டு, குழந்தைக்காகப் போட்ட ரைம்ஸ், எதுவாக இருந்தாலும் வெட்கப்படாதீர்கள்.

எனக்கு அடுத்தது "நத்திங் பட் விண்ட்", 1988. இங்கேயும் ராஜா, கூடவே அதே சௌராசியா. "கால் ஆஃப் தி வேலி"யில் இளைஞராக வாசித்தவர் இருபது வருடம் கழித்து ஒரு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நடுவே எப்படி வாசிக்கிறார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்கப் போகிறேன். ஏற்கெனவே அப்படிக் கேட்டவர்கள் இருந்தால் எந்த டிராக்கில் தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.