வரிச்சலுகை கொடுத்தால் ஆலை வந்துவிடுமா?

பெரிய ஆலை ஒன்று ஓர் ஊருக்கு வருகிறது என்றால், "நாங்கள் கொடுத்த சலுகைதான் காரணம்" என்று ஆட்சியில் இருப்பவர்கள் மார்தட்டிக்கொள்கிறார்கள். கைநழுவிப் போனால், "பக்கத்தில் இருப்பவன் அதிகமாக அள்ளிக் கொடுத்துவிட்டான்" என்கிறார்கள். இரண்டையுமே என்னால் ஏற்க முடியவில்லை. சலுகைப் பேச்சு கடைசியில்தான் வரும். தண்ணீர், மின்சாரம், சாலை, துறைமுகம், வேலை தெரிந்த ஆட்கள் என்று எல்லாவற்றையும் அலசி, பட்டியலில் இரண்டு மூன்று இடங்கள் மிஞ்சியிருக்கும்போதுதான் யார் எவ்வளவு விட்டுக்கொடுப்பார்கள் என்ற பேரம் தொடங்கும்.

முதல் கணக்கு, சுமக்கும் செலவு. ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் வெபர் 1909-லேயே இதை ஒரு கோட்பாடாக வகுத்தார். கரும்பின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் சர்க்கரையாகத் தேறும். வெட்டிப்போட்ட கரும்பு காயக் காய அந்தச் சர்க்கரையும் குறையும். அதனால் சர்க்கரை ஆலை வயலைவிட்டு வெகுதூரம் போக முடியாது. குளிர்பானம் இதற்கு நேர்மாறு. பெரும்பகுதி தண்ணீர்தான், அதை எதற்கு ஊர் ஊராகச் சுமக்க வேண்டும்? குடிப்பவர்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பாட்டிலில் அடைத்துவிடுகிறார்கள்.

அலுமினியம் இன்னும் சுவாரசியம். ஐஸ்லாந்தில் அலுமினியத்தின் மூலத் தாதுவான பாக்சைட் கிடையாது. ஆனாலும் அங்கே 1969 முதல் அலுமினிய உருக்காலைகள் ஓடுகின்றன. ஒரு டன் அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 14,000 யூனிட் மின்சாரம் வேண்டும். அருவியும் பனியாறும் தரும் மலிவான மின்சாரத்தைத் தேடி, பாக்சைட்டிலிருந்து பிரித்தெடுத்த அலுமினாத் தூள் கடல் தாண்டி அங்கே போகிறது. விலை மட்டும் போதாது, மின்சாரம் அறுபடாமலும் வர வேண்டும். சில மணி நேரம் மின்சாரம் நின்றால்கூடத் தொட்டிகளில் உருகிக் கிடக்கும் உலோகம் இறுகிப் பாறையாகிவிடும். அதை உடைத்தெடுத்து, தொட்டியைச் சீர்செய்து, மறுபடி ஓட வைப்பதற்குள் மாதக்கணக்கில் உற்பத்தி போய்விடும். அடிக்கடி மின்வெட்டு வரும் இடத்தில் எத்தனை ஆண்டு வரிவிலக்கு கொடுத்தாலும் அந்த ஆலைக்காரர் எட்டிப் பார்க்க மாட்டார்.

1956-க்குப் பிறகு கன்டெய்னர் கப்பல்கள் பெருகி, கடல்வழிச் சரக்குச் செலவு பெருமளவு இறங்கியது. நல்ல இரும்புத்தாது பெரிதாக இல்லாத ஜப்பானும் தென்கொரியாவும் ராட்சத மொத்தச்சரக்குக் கப்பல்களில் தாதுவையும் நிலக்கரியையும் கொண்டுவந்து, கடற்கரையிலேயே எஃகு ஆலைகளை நிறுத்தின. மூலப்பொருளின் பிடி தளர்ந்தது. மூலப்பொருளின் இடத்தைப் பிடித்தவர்கள் வேலை தெரிந்த மனிதர்கள்.

இத்தாலியின் சசுவோலோவைப் பாருங்கள். தரையிலும் சுவரிலும் பதிக்கும் ஓடுகள் (டைல்ஸ்) செய்யும் தொழிலில் உலகப் பெயர் பெற்ற ஊர். தொடக்கத்தில் அக்கம்பக்கத்துக் களிமண்ணில் செய்தார்கள். பிறகு வெள்ளைக் களிமண்ணை உக்ரைனிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வரவழைத்தார்கள். ஆனால் தொழில் மட்டும் இடம்பெயரவில்லை. சூளை கட்டுபவர், மெருகுப் பூச்சு தயாரிப்பவர், அச்சு செய்பவர், வடிவம் வரைபவர் எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள். இயந்திரம் மக்கர் செய்தால் அதைச் செய்தவரே அன்றைக்கே வந்து நிற்பார். இப்படி ஒரு சூழலை எந்த அரசாணையாலும் ஒரே இரவில் உண்டாக்க முடியாது. வேலை பழகிய கைகளும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பள்ளிகளும் சேர்ந்து, தலைமுறைகளாக உருவாக்கியது அது.

இதை மறந்துவிட்டுச் சலுகையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் சாட்சி. 2017-இல் தைவானின் மின்னணுப் பொருள் தயாரிப்பு நிறுவனமான ஃபாக்ஸ்கான் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று அறிவித்தது. மாநிலம் சுமார் 300 கோடி டாலர் சலுகைக்கு ஒப்புக்கொண்டது. மவுன்ட் பிளசன்ட் என்ற சிற்றூரில் நிலம் எடுத்தார்கள், மக்கள் வீடுகளைக் காலி செய்து போனார்கள். 2021-இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது முதலீடு 67 கோடி டாலராகவும், வேலைகள் 1,454 ஆகவும் சுருங்கிவிட்டன. சலுகையை வேலை எண்ணிக்கையோடு கட்டிவைத்திருந்ததால் மாநிலக் கருவூலம் பெரும்பகுதி தப்பியது. வீட்டை இழந்தவர்களுக்கு அப்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

அதே இடத்தில் போட்ட சாலையும் குழாயும் மின்பாதையும் வீணாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2023-இல் மைக்ரோசாஃப்ட் அங்கே தரவு மையத்துக்காக, அதாவது இணையச் சேவைகளை நடத்தும் கணினிகளை நிறுத்தும் கட்டடங்களுக்காக, பெருமளவு நிலம் வாங்கியது. தரவு மையம் கட்டி முடித்தபின் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை தராது, அது வேறு விவாதம். ஆனால் ஒரு நிறுவனம் வாக்குத் தவறினாலும் அடிப்படை வசதி அங்கேயே நிற்கும், அடுத்தவருக்குப் பயன்படும். விட்டுக்கொடுத்த வரி அப்படி நிற்காது.

அதனால் என் கோரிக்கை நேரடியானது. பொதுப் பணத்தைத் தொழிற்பயிற்சிக்கும் தடையில்லா மின்சாரத்துக்கும் தொழிலாளர் குடியிருப்புக்கும் பேருந்துக்கும் முதலில் செலவழியுங்கள். சலுகை கொடுத்தே தீர வேண்டுமென்றால், கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தை மக்கள் பார்வைக்கு வையுங்கள். எத்தனை நிரந்தர வேலை, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், கழிவு எங்கே போகும், சொன்னதைச் செய்யாவிட்டால் எவ்வளவு திரும்ப வரும், நிலம் கொடுத்தவருக்கு அப்போது என்ன வழி, இத்தனையும் அதில் எழுத்தில் இருக்கட்டும்.