பனங்கற்கண்டு கரையும் நேரம்

கடந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பிரிவு பிடிவாதமானதொரு மாயையே என்று ஐன்ஸ்டைன் எழுதியதை, காலம் என்று ஒன்று இல்லை என்பதற்கான அறிவியல் சான்றாகப் பலரும் பகிர்ந்து வருகிறார்கள். அது 1955 மார்ச்சில், தம் நெடுநாள் நண்பர் மிக்கேலே பெஸ்ஸோ மறைந்தபோது, அவருடைய குடும்பத்தாருக்கு அவர் எழுதிய இரங்கல் கடிதத்தில் உள்ள வரி. மறுமாதம் 18ஆம் தேதி அவரும் காலமானார். துக்க வீட்டுக்குச் சொன்ன ஆறுதலை நிறுவப்பட்ட முடிவாகக் கொள்ளக் கூடாது என்பது என் கருத்து.

அந்த வரிக்கு இயற்பியலில் வலுவான அடிப்படை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஒருவருக்கு ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு நிகழ்ச்சிகள், அவரைப் பொறுத்து வேகமாக நகர்ந்துகொண்டிருக்கும் மற்றொருவருக்கு முன்பின்னாக அமையலாம் என்று 1905இல் வந்த ஐன்ஸ்டைனின் சிறப்புச் சார்பியல் கோட்பாடு காட்டியது. அண்டம் முழுமைக்கும் பொதுவான ‘இப்போது’ அத்தோடு போயிற்று. வேகம் மட்டுமல்ல, உயரமும் காலத்தை மாற்றும்: 2010இல் அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வகம் ஒன்றில் இரண்டு அணுக் கடிகாரங்களில் ஒன்றை 33 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம்கூட இல்லாத உயரம், தூக்கி வைத்தபோது அது மிக நுண்ணிய அளவில் வேகமாக ஓடியதை அளந்தே காட்டினார்கள். நிற்கும் மனிதருக்குத் தலையிலும் காலிலும் காலம் ஒரே சீராக ஓடுவதில்லை.

ஆயினும் நேற்றிரவு இருமலுக்காகச் சூடான பாலில் பனங்கற்கண்டைப் போட்டுக் கலக்கியபோது, கரண்டியின் அடியில் அந்தக் கட்டி நறநறவென்று உரசிக்கொண்டே இருந்தது, நான் எவ்வளவு அவசரப்பட்டாலும் அது கரையும்வரை காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. சர்க்கரைத் தண்ணீர் வேண்டுமென்றால் சர்க்கரை கரையும்வரை நான் காத்தே ஆகவேண்டும் என்று 1907இலேயே எழுதியவர் பிரெஞ்சு தத்துவவாதி ஹென்றி பெர்க்சன். அவரும் ஐன்ஸ்டைனும் 1922 ஏப்ரல் 6 அன்று பாரீசில் நேருக்கு நேர் விவாதித்தபோது, தத்துவவாதிகளின் காலம் என்று தனியாக ஒன்று இல்லை என்று ஐன்ஸ்டைன் கூறிவிட்டார். சார்பியல் சொல்வதுபோல் பயணம் போய்த் திரும்பும் கடிகாரம் பின்தங்கிவிடாது என்று பெர்க்சன் கருதியது பிழைதான். 1971இல் விமானங்களில் உலகைச் சுற்றிவந்த சீசியம் அணுக் கடிகாரங்கள் அதைத் தெளிவாக்கிவிட்டன. ஆனால் கடிகாரங்கள் வேறுபடுகின்றன என்பதிலிருந்து, காத்திருப்பவரின் காத்திருப்பு பொய் என்று எப்படிப் பெறப்படும்? சமன்பாட்டில் ஒன்றுக்கு இடமில்லை என்பது வேறு, உலகில் அது இல்லை என்பது வேறு.

இதை ஐன்ஸ்டைனே உணர்ந்திருந்தார் என்றுதான் நான் நினைக்கிறேன். ‘இப்போது’ என்பதன் சிக்கல் தம்மை மிகவும் கவலைக்குள்ளாக்குவதாகவும், அந்த அனுபவம் அறிவியலின் பிடிக்குள் வராது என்பதை வேதனையோடு ஏற்கவேண்டியிருப்பதாகவும் அவர் தம்மிடம் கூறியதைத் தத்துவவாதி ருடால்ஃப் கார்னாப் பதிவு செய்திருக்கிறார்.