பேடன்ட் எண்ணிக்கை கூடுனா தொழில் வளர்ந்துடுமா?
பேடன்ட் (கண்டுபிடிப்புக்கு வாங்குற காப்புரிமை) எண்ணிக்கை கூடுனா உற்பத்தித் தொழிலும் தானா வளரும்னு கட்டுரையில போட்டிருக்கீங்க, அதை என்னால அப்படியே ஏத்துக்க முடியல. நம்ம 1970 பேடன்ட் சட்டத்துல மருந்துக்கு ப்ராடக்ட் பேடன்ட், அதாவது அந்தப் பொருளுக்கே உரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான், அதே மருந்தை வேற வழியில செஞ்சுதான் நம்ம மருந்து கம்பெனிங்க வளர்ந்தது, ப்ராடக்ட் பேடன்ட் 2005லதான் வந்துச்சு. அதுக்காக பேடன்ட்டே வேணாம்னு சொல்ல வரல. ராணிப்பேட்டையில எங்க மாமா பட்டறையில டேனரி டிரம் (தோல் பதனிடுற பெரிய உருளை) ரிப்பேர் பண்றோம், டிரம் கதவு ஓரத்துல தண்ணி கசியாம இருக்க ரப்பர் பட்டையை ரெண்டு மடிப்பா வச்சு ஒரு லாக் செஞ்சாரு, நாலு டேனரிக்கு மாட்டிக் கொடுத்தோம், ஆறே மாசத்துல பக்கத்துப் பட்டறையில அதே லாக் கம்மி விலைக்கு வந்துடுச்சு. அப்புறம் பேடன்ட் எடுக்கலாம்னு போய் விசாரிச்சா, வெளியில வித்துட்டீங்க, இனிமே அது புதுசு இல்ல, கிடைக்காதுன்னு சொல்லிட்டாங்க. விக்கிறதுக்கு முன்னாடியே அப்ளை பண்ணணும்னு எங்களுக்கு யாரும் சொல்லல, மாமா ரொம்ப மனசு உடைஞ்சுட்டாரு. சின்ன யூனிட்டுக்கு பீஸ்ல சலுகை இருக்கு, ஆனா கிளெய்ம், அதாவது எதுக்கு உரிமை கேக்குறோம்ங்கிறதை எழுதிக் கொடுக்க ஆள் தேடி சென்னைக்கு அலைய வேண்டியிருக்கு, ஆம்பூர் வாணியம்பாடி பக்கம் மாவட்டத் தொழில் மையத்துலயே வாரத்துக்கு ஒருநாள் அப்படி ஒருத்தர் உட்கார்ந்தா போதும்.