'நிகு நாஷி' மட்டும் சொன்னால் சைவம் கிடைக்காது
ஜப்பானில் 'நிகு நாஷி' (இறைச்சி வேண்டாம்) என்று சொன்னாலே சைவச் சாப்பாடு வந்துவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதை நம்பிப் போக வேண்டாம், நண்பர்களே. அங்கே 'நிகு' என்றால் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி போன்றவைதான் மனதில் வரும். மீனுக்குத் தனிச்சொல் இருக்கிறது: 'சகனா'.

பெரிய சிக்கல் 'தாஷி' என்ற சாறு. மிசோ சூப், உடோன், சோபா நூடுல்ஸ் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை. பெரும்பாலும் 'கட்சுவோபுஷி'யில் எடுப்பார்கள். சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல் காயவைத்துச் சீவியது அது. நம் மாசிக்கருவாட்டுக்கு உறவுக்காரன் என்றே சொல்லலாம். தோஃபு (சோயா பனீர்) தானே என்று 'அகெதாஷி தோஃபு' கேட்டால், அது மிதக்கும் குழம்பே தாஷிதான். மேலே பென்சில் சீவல்போல மெல்லிசாக, சூட்டில் நெளிந்துகொண்டு கிடப்பதும் அதே மீன்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை, நீங்கள் கேட்டபடி இறைச்சி இல்லாமல்தான் கொடுத்திருக்கிறார்.

அதனால் இப்படிச் சொல்லுங்கள்: 'நிகு மோ சகனா மோ தாபெமாசென்' (இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன்). அப்புறம் மறக்காமல், 'கட்சுவோ தாஷி வா ஹைத்தெ இமாசு கா?' (இதில் மீன் சாறு சேர்ந்திருக்கிறதா?) என்று கேளுங்கள். 'கொம்பு தாஷி' என்று பதில் வந்தால் அது கடற்பாசிச் சாறு, தாராளமாகச் சாப்பிடலாம். முழுச் சைவம்தான் வேண்டுமென்றால் புத்த மடாலயங்களின் 'ஷோஜின் ர்யோரி'யைத் தேடுங்கள். கோயாசான் மலையில் தங்கும் வசதியுள்ள கோயில்களில் பரிமாறுகிறார்கள்.