எழுதியதை முதலில் இயந்திரம் வாசிக்கட்டும்

"அண்ணா, இன்னுமா மைக் முன்னாடி உட்கார்ந்து பேசிக்கிட்டு இருக்கீங்க?"

போன வாரம் ஒரு தம்பி கேட்டான். நான் வானியல் பற்றி ஒரு நிமிட வீடியோக்கள் போடுவது இங்கே பலருக்குத் தெரியும். அவனும் ஷார்ட்ஸ் போடுகிறவன்தான். ஸ்கிரிப்டை ஒட்டினால் ஏஐ குரல் வந்துவிடுகிறது, ஒரு நாளைக்கு நாலு வீடியோ போட்டுவிடுகிறேன் என்றான். நான் வாரத்துக்கு இரண்டு. போனில் அவனுக்குச் சொன்ன பதில் பாதியில் நின்றுவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஏஐ குரலுக்கு நான் எதிரி இல்லை. ஒரு வருடமாக என் ஒவ்வொரு வீடியோவிலும் அதற்கு வேலை இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்கும் வீடியோவில், எப்போதாவது திருத்திய ஒரு சொல்லைத் தவிர, அது இருக்காது.

ஒரு நிமிட வீடியோவுக்கு நேரம் பிடிப்பது பேச்சுக்கு அல்ல, பேசியதைத் திருத்துவதற்கு. எழுதும்போது அழகாகத் தெரிந்த வாக்கியம் பேசும்போது மூச்சு வாங்கும். அது எட்டாவது டேக்கில், அதாவது எட்டாவது முறை பேசிப் பதியும்போதுதான் உறைக்கும். அதற்குள் படங்களை எல்லாம் டைம்லைனில் அடுக்கி முடித்திருப்பேன். ஒரு வாக்கியத்தை மாற்றினால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் நகரும். எத்தனையோ இரவுகள் இதிலேயே போயிருக்கின்றன.

இப்போது ஸ்கிரிப்ட் முடிந்த உடனே அதை இயந்திரக் குரலில் ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்கிறேன். நானே வாசித்தால் எழுத்தில் இல்லாத அழுத்தத்தைக் குரலில் கொடுத்துவிடுவேன்; மனதில் இருக்கும் பொருளைச் சேர்த்தே வாசிப்பேன். இயந்திரத்துக்கு என் மனது தெரியாது. எழுதி வைத்ததை மட்டும் வாசிக்கிறது. எங்கே குழம்புகிறது, எந்த வாக்கியம் இரண்டு வேலை செய்யப் பார்க்கிறது, எந்த இடத்தில் கேட்பவர் விரலால் தள்ளிவிட்டுப் போவார் என்பதெல்லாம் அப்போது பளிச்சென்று தெரிகிறது. மூன்று, நான்கு முறை திருத்துவேன். என் வேகத்துக்கு ஒரு நிமிடத்தில் 110 சொற்கள்தான் அடங்கும் என்பதையும் இப்படித்தான் கண்டுபிடித்தேன். பிறகு அந்தத் தற்காலிகக் குரலுக்குப் படங்களை வெட்டி ஒட்டி, எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு மைக் முன் உட்கார்ந்து பேசுகிறேன். பெரும்பாலும் இரண்டாவது டேக்கிலேயே முடிந்துவிடும். மூன்று மணி நேரம் பிடித்த வேலை இன்று ஒன்றேகால் மணி நேரம்.

இரைச்சல் நீக்குவதும் கேப்ஷன் போடுவதும் கருவிகளின் பொறுப்பு. ஓப்பன்ஏஐ 2022ல், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் விஸ்பரை எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு கேப்ஷன் தட்டச்சு செய்ய வேண்டிய தேவையே போய்விட்டது. பெயர்ச்சொற்களை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

"அப்புறம் கடைசிக் குரலையும் அதுகிட்டயே கொடுத்துட வேண்டியதுதானே?" என்றான் தம்பி.

தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘பூமி’க்கும் ‘பௌர்ணமி’க்கும் முதல் எழுத்து ஒரே பகர வரிசை; வாயில் வரும் ஒலி வேறு. ‘டைட்டன்’, ‘டார்க் மேட்டர்’ இரண்டிலும் அப்படியே. எந்த இடத்தில் எந்த ஒலி என்று நமக்குக் காது சொல்லிக் கொடுத்தது. இயந்திரம் கேட்டுப் பழகிய பதிவுகளை வைத்து ஊகிக்கிறது. அடிக்கடி வரும் சொல்லில் தப்பிவிடும், புதிய சொல்லில் வழுக்கும். சில கருவிகளில் உச்சரிப்பைத் தனியாகக் குறித்துக் கொடுக்கலாம். அதற்கு ஆகும் நேரத்தில் நானே பேசிவிடுவேன்.

அதைவிடப் பெரிய காரணம், சந்தேகம். அறிவியலில் ‘இருக்கலாம்’ என்ற சொல்லை எவ்வளவு தயக்கத்தோடு சொல்கிறேன் என்பதிலும் தகவல் இருக்கிறது. எனக்கு அரைகுறையாகப் புரிந்ததையும் ஏஐ குரல் முழு நம்பிக்கையோடு சொல்லிவிடுகிறது. பேசும்போது நாக்கு தடுமாறிய இடங்களில் எனக்கே விஷயம் புரியவில்லை என்று கண்டு, திரும்பிப் போய்ப் படித்திருக்கிறேன். நாளுக்கு நாலு போடுகிறவனுக்கு அந்தத் தடுமாற்றமே வராது.

பேச முடியாதவர்கள், நோயால் குரல் போனவர்கள், குரலை வைத்து அடையாளம் கண்டு தொல்லை செய்வார்களோ என்று பயப்படும் பெண்கள் இவர்களுக்கு நான் சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு ஏஐ குரல்தான் குரல். அதைக் கிண்டல் செய்து கமென்ட் போடுகிறவர்களை என் பக்கத்தில் அனுமதிக்க மாட்டேன்.

தம்பியிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று. அவன் பயன்படுத்துவது ஒரு பிரபலமான குரலின் நகல், யாரிடமும் கேட்கவில்லை. "எல்லாரும் பண்றாங்க அண்ணா" என்றான். கனடாவின் குரல் கலைஞர் பெவ் ஸ்டாண்டிங், மொழிபெயர்ப்பு வேலைக்கென்று பேசிக் கொடுத்த குரல் அனுமதியில்லாமல் டிக்டாக்கின் வாசிப்புக் குரலாகிவிட்டது என்று 2021ல் வழக்குப் போட்டார். அந்த வருடமே வழக்கு சமரசத்தில் முடிந்தது. குரலை வைத்துச் சாப்பிடுகிறவருக்கு அது அவருடைய சொத்து. அனுமதி வாங்கு, பணம் கொடு, வீடியோவிலும் சொல்லிவிடு. அசல் போலத் தோன்றும் ஏஐ உள்ளடக்கத்தை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும் என்று யூடியூபே 2024ல் விதி கொண்டுவந்துவிட்டது. ஒரே அச்சில் வார்த்து மொத்தமாகத் தள்ளும் வீடியோக்களுக்கு வருமானம் கிடையாது என்பதையும் 2025 ஜூலையில் இன்னும் தெளிவாக்கியது. நாளுக்கு நாலு என்ற கணக்கு அங்கேயே ஆட்டம் காண்கிறது.

என் சொந்தக் குரலையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பதிவு முடிந்த பிறகு ஓர் எண் தவறு என்று தெரிந்தால் அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்ற அது உதவுகிறது. அதற்கு மேல் அதைத் தொடுவதில்லை. மைக்ரோசாஃப்டின் வால்-ஈ ஆய்வு, 2023ன் தொடக்கத்திலேயே, 3 விநாடிப் பதிவிலிருந்து ஒருவரின் குரலைப் போலச் செய்து காட்டியது. என் குரல் மணிக்கணக்கில் இணையத்தில் கிடக்கிறது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரு ரகசியச் சொல் வைத்திருக்கிறோம். என் குரலில் யாராவது பணம் கேட்டால் முதலில் அந்தச் சொல்லைக் கேளுங்கள் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன்.