அந்தப் பிள்ளையைப் பார்த்துச் சிரித்த பெரியவர்களுக்கு

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு, ஷார்ஜாவில் நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதிய ஆண்டு விழாவில் நடந்ததை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். நிகழ்ச்சிக்கு வராதவர்களும் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டீர்கள். நான் மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன். நேற்று இரவு அதே வீடியோ நான்காவது குரூப்பிலிருந்து சிரிக்கிற பொம்மைகளோடு வந்தது. இனி பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது வயதுப் பையன். குர்ஆனின் அல்மாஊன் என்ற சூராவை (அத்தியாயத்தை), அதன் ஏழு ஆயத்தையும் (வசனத்தையும்), தஜ்வீத் என்ற உச்சரிப்பு முறை பிசகாமல் ஓதினான். எல்லாரும் மாஷா அல்லாஹ் சொன்னோம். வந்திருந்த விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இதுக்கு என்னப்பா அர்த்தம்? தமிழ்ல சொல்லு" என்றார். பிள்ளை ஓதிக்கொடுக்கும் உஸ்தாதைப் பார்த்தான், உம்மாவைத் தேடினான், கடைசியில் "தெரியாது அங்கிள்" என்றான். கூட்டமே சிரித்தது.

அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, அவன் சொல்வதற்கு? நாம் சொல்லிக்கொடுக்கவே இல்லை. சொல்லிக்கொடுக்காத பாடத்தில் பரீட்சை வைத்துவிட்டு, பிள்ளை தோற்றான் என்று சிரிக்கிறோம்.

அன்று ஷார்ஜாவிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது காரில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மகன் கேட்டான்: "உம்மா, எனக்கும் அர்த்தம் தெரியாதே. என்னைக் கூப்பிட்டிருந்தா என்னையும் பார்த்துச் சிரிச்சிருப்பாங்களா?" நான் பதில் சொல்லவில்லை. நான்கு வருடமாக அவனிடம் நான் கேட்டதெல்லாம் "எத்தனை சூரா பாடமாச்சு?" என்பது மட்டும்தான். ஒரு நாள்கூட "இதில் அல்லாஹ் என்ன சொல்கிறான்?" என்று கேட்டதில்லை.

உடனே வருவார்கள், "ஓதினாலே ஒரு எழுத்துக்குப் பத்து நன்மை, அது தெரியாதா?" என்று. தெரியும். அந்த ஹதீஸை, நபிமொழியை, பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் நானும் ஓத அனுப்புகிறேன். ஓத வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? ஓதலோடு சேர்த்து இரண்டு வரி அர்த்தமும் சொல்லுங்கள் என்கிறேன். "எந்தத் தூதரையும் அவருடைய சமூகத்தாரின் மொழியிலேயே தவிர நாம் அனுப்பவில்லை" என்பது சூரா இப்ராஹீமின் நான்காவது ஆயத்து. காரணத்தையும் அதே ஆயத்து சொல்கிறது, அவர்களுக்கு விளக்கிச் சொல்வதற்காக என்று.

"ஸ்கூல்லயே இஸ்லாமியக் கல்வி இருக்கே" என்று ஒரு சகோதரர் குரூப்பில் எழுதியிருந்தார். இருக்கிறது. அமீரகத்தில் தனியார் பள்ளியில் படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அது கட்டாயப் பாடம். என் மகன் அதில் 95 வாங்குகிறான். ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வருகிறான். வீட்டில் அவன் வாப்பா தொழுகைக்கு எழுப்பும்போது அந்த 95 எங்கே போகிறதோ தெரியவில்லை. கணினியில் அரை மணி நேரம் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் நல்ல மனிதர், ஆனால் அவருக்கு உருது, இவனுக்குத் தமிழும் ஆங்கிலமும். இவன் ஏன் என்று கேட்டால் அவருக்குப் புரியாது. கேட்டுக் கேட்டு, இப்போது கேட்பதையே விட்டுவிட்டான்.

என் உம்மம்மா காயல்பட்டினத்தில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்தவர். அலிஃபுக்கு ஸபர் அ, ஸேர் இ, பேஷ் உ என்று அரபு உயிர்க்குறிகளைச் சொல்லி திண்ணையில் பத்துப் பதினைந்து பேர் கத்துவோம். அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழை, அரபுத்தமிழை, மளமளவென்று வாசிப்பார். ஓலைப்பெட்டி முடைந்துகொண்டே யூனுஸ் நபியை மீன் விழுங்கியதைச் சொல்வார். மீன் வயிற்று இருட்டுக்குள் யூனுஸ் நபி என்ன துஆ (பிரார்த்தனை) கேட்டார் என்று எங்களையே கேட்பார். இன்றைக்கும் பயம் வந்தால் என் வாயில் அந்த துஆதான் வருகிறது. நம் முன்னோர் அர்த்தத்துக்காக ஓர் எழுத்துமுறையையே வைத்திருந்தார்கள். உமறுப் புலவர் சீறாப்புராணத்தை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடியது தமிழில். அந்த வழியில் வந்த நாம் ஏழு ஆயத்துக்கு ஏழு வரி சொல்லிக்கொடுக்கவில்லை.

பக்கத்து ஃபிளாட் மலையாளிப் பிள்ளைகளைப் பாருங்கள். கேரளத்தில் சமஸ்தா என்ற உலமாக்கள் அமைப்பின் மதக்கல்வி போர்டு 1951-இல் தொடங்கியது. அவர்களுக்கு வகுப்புவாரியாகப் பாடப்புத்தகம் இருக்கிறது. 5, 7, 10, 12 வகுப்புகளில் பொதுத்தேர்வு இருக்கிறது. வளைகுடாவிலும் அதே பாடம்தான் நடக்கிறது. நம்மிடம் பணம் இல்லையா? ஆலிம்கள் இல்லையா? ஆண்டு விழாவுக்குப் பிரியாணிக்கும் ஷீல்டுக்கும் வசூலித்ததில் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்திருக்கலாம். நேரம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2022 ஜனவரியிலிருந்து ஷார்ஜாவில் வாரத்துக்கு மூன்று நாள் விடுமுறை.

"பொம்பளைக்கு ஏன் இந்த வேலை, உலமாக்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இன்பாக்ஸில் எழுதிய பெரியவருக்கு: நபியின் மனைவி ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். உங்களுக்கு ஓதிக்கொடுத்ததும் யாரோ ஓர் உம்மாவாகத்தான் இருக்கும். இதற்கு மேல் எழுதினால் மரியாதை தவறிவிடும்.

"சும்மா ஜாலிக்குச் சிரிச்சோம்" என்கிறவர்களும் ஒரு நிமிடம் கேளுங்கள். அன்று அவன் ஓதிய சூராவை நேற்று இரவு என் மகனோடு உட்கார்ந்து வரிவரியாக வாசித்தேன். அநாதையை விரட்டுகிறவனைப் பற்றி. ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனைப் பற்றி. தொழுகையில் கவனமில்லாமல், பிறர் பார்ப்பதற்காகச் செய்கிறவர்களைப் பற்றி. அல்மாஊன் என்றால் வாளி, சட்டி, கோடரி மாதிரி அக்கம்பக்கத்தில் இரவல் கொடுக்கிற சாதாரணப் பொருள்கள் என்று நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) விளக்கம் சொன்னதாக வருகிறது. என் மகன் யோசித்துவிட்டு, "அப்ப கீழ வாட்ச்மேன் மாமா ஐஸ் தண்ணி கேட்டா கொடுக்கணும்தானே?" என்றான். போன கோடையில் அவர் கேட்டபோது, பிரிட்ஜில் இடமில்லை என்று நான் சொன்னதை இவன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

இவ்வளவும் அந்த ஏழு ஆயத்துக்குள் இருந்தது. அந்த மேடையில் அன்றைக்கு யாருக்கு அர்த்தம் தெரிந்திருந்தது? தெரிந்திருந்தால் ஒரு பிள்ளையை நடுவில் நிறுத்தி, ஊர் பார்க்கச் சிரித்திருப்போமா?

அந்தப் பையன் நேற்று வகுப்புக்கு வரவில்லை. வயிற்று வலி என்று அவன் உம்மா சொன்னார். குரல் சரியாக இல்லை.

வீடியோவை முதலில் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியும், இதைப் படிப்பார் என்றும் தெரியும். தம்பி, அதில் அவன் முகம் தெரிகிறது. இன்று இஷா தொழுகைக்கு முன்னால் எடுத்துவிடுங்கள். மற்ற குரூப்பில் அனுப்பியவர்களிடமும் நீங்களே கேட்டு நீக்கச் சொல்லுங்கள்.