ஆயிரம் ரூபா சரி, சீட்டு எங்க?

மகளிர் உரிமைத் தொகையை ஓசிப்பணம்னு பேசுறவங்க கூட எனக்கு எப்பவும் ஒத்துவராது. மாசம் ஆயிரம் ரூபா ஒரு பொம்பளையோட சொந்த அக்கவுண்ட்ல விழுது, கேஸுக்கோ மாத்திரைக்கோ வீட்டுக்காரர்கிட்ட கணக்கு சொல்லாம எடுத்துக்கிறா, அது எவ்ளோ பெரிய தெம்புன்னு இல்லாம கஷ்டப்பட்டவங்களுக்குத்தான் தெரியும். 2021 தேர்தல்ல சொன்னது 2023 செப்டம்பர்லதான் வந்துச்சு, ஆனாலும் வந்துச்சு, சந்தோஷம்.

என் கோவம் வேற. இப்போ நெறைய ஸ்டேட்ல பொம்பளைங்க ஓட்டுக்கு இதே மாதிரி மாசப்பணம்தான் வழி. மேற்கு வங்கத்துல லக்ஷ்மீர் பண்டார், மத்திய பிரதேசத்துல லாட்லி பெஹ்னா. மகாராஷ்டிராவுல 2024ல ஆளுங்கூட்டணி 1500 குடுத்துட்டு ஜெயிச்சா 2100ன்னுச்சு, எதிர்க்கூட்டணி 3000ன்னுச்சு, ஏலம் கேக்குற மாதிரி. தேர்தல் முடிஞ்சப்புறம் லிஸ்ட்டை சலிச்சு பேரைக் கழிக்க ஆரம்பிச்சாங்க.

தொகையை இப்படி ஏத்துறவங்க, பொம்பளைங்களுக்குத் தேர்தல்ல நிக்க சீட்டுன்னா மட்டும் ஏன் கையை இறுக்கிக்கிறாங்க? 2021ல நம்ம சட்டசபைக்கு ஜெயிச்சுப் போன பொம்பளைங்க 234ல 12 பேர். 2024 மக்களவையில 543க்கு 74. நாம் தமிழர் கட்சி 2021ல 117 பொம்பளைங்களை நிறுத்துச்சு, அந்தக் கட்சி அரசியலோட எனக்கு நெறைய சண்டை இருக்கு, ஆனா இந்த ஒரு விஷயத்துல பெரிய கட்சிங்க பதில் சொல்லியே ஆகணும். மக்களவை, சட்டசபையில பொம்பளைங்களுக்கு 33 சதவீதம் ஒதுக்குற சட்டம் 2023ல பாஸ் பண்றப்பவே சென்சஸ், தொகுதி மறுவரையறை முடிஞ்சாத்தான் அமல்னு கண்டிஷன் போட்டுட்டாங்க, சரி, கட்சியா பாத்து இன்னைக்கே குடுக்குறத எந்த சட்டம் தடுக்குது?

பிரச்சாரத்தைப் பாருங்க. வேட்பாளர் சாயங்காலம் வர்றார்னா மத்தியான வெயில்லயே ஆரத்தி தட்டோட தெருவுல நிக்கிறது பொம்பளைங்க, மகளிர் குழுவுல சொல்லி ஆள் கூட்டிட்டு வர்றது பொம்பளைங்க, கூட்டத்துல முன்வரிசை நாற்காலி பூரா பொம்பளைங்க. மேடையில மட்டும் வரிசையா வேட்டி, ஓரத்துல ஒரே ஒரு மகளிரணி அக்கா நின்னுட்டு இருப்பாங்க, அவங்களுக்கும் மைக் வராது. தலைமுடி நரைக்கிற வரைக்கும் கொடி புடிச்ச அந்த அக்கா கவுன்சிலர் சீட்டு கேட்டா, வார்டு பெண்களுக்கு ஒதுக்கட்டும் பாக்கலாம்னு சொல்லிடுறாங்க. ஒதுக்கினதும் வட்டச் செயலாளரோட சம்சாரம் பேருக்கு சீட்டு போயிடுது.